பேராசிரியர் எலியேசர்: ஒரு கணிதவியலாளரின் நெடுவாழ்வும் நமது கடப்பாடும்

(நூற்றாண்டு விழாவின்போது பழைய மாணவிகள் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் ஒரு நினைவுரை என்றால் கல்லூரியை நிறுவியவரைப் பற்றியோ, நெடுங்காலம் நடத்திய அதிபர்களைப் பற்றியோ பேசுவதே மரபு. அவர்களைப் பற்றி இம்மலரில் தகுதியானவர்கள் எழுதியிருக்கிறார்கள். செயற்குழு எங்களிடம் ஒப்படைத்தது வேறொரு பணி. "கணிதத்துக்கு அரை மணித்தியாலம் தருகிறோம், யாரைப் பற்றியாவது பேசுங்கள்" என்றார்கள். நாங்கள் தெரிந்தெடுத்தவர் பேராசிரியர் கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர்.

அவர் எங்கள் ஊரவர் அல்லர், யாழ்ப்பாணத்தவர். பெண்கள் கல்லூரி ஒன்றில் படித்தவராக இருக்கவும் முடியாது. அப்படியிருக்க இந்த மேடையில் அவருக்கு என்ன இடம் என்று கேட்பீர்கள். அவர் வாழ்வில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கணிதம் யாருக்கு உரியது என்பது ஒன்று. படித்து ஊரை விட்டுப் போனவர் ஊருக்கு என்ன செய்ய வேண்டும் என்பது மற்றையது. இந்த நூற்றாண்டில் எங்கள் சங்கத்தின் முன்னும் அந்த இரண்டுமே நிற்கின்றன. அதனால்தான் அவரைத் தெரிந்தெடுத்தோம்.

முதலில் வாழ்க்கைக் குறிப்பு. எலியேசர் 1918இல் பிறந்தார். கொழும்பிலிருந்த பல்கலைக்கழகக் கல்லூரியில் படித்தார். அக்கல்லூரி 1921இல் தொடங்கப்பட்டது. அதற்குப் பட்டம் வழங்கும் உரிமை இருக்கவில்லை. மாணவர்கள் இங்கிருந்து படித்து லண்டன் பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்குத் தோற்றினார்கள். அங்கு கணிதப் பேராசிரியராக இருந்தவர் செல்லப்பா சுந்தரலிங்கம். பிற்காலத்தில் வவுனியாத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகவும் அமைச்சராகவும் நம் பெற்றோர் அறிந்த அதே சுந்தரலிங்கம்தான். அவரும் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் வாழ்ந்தவர். கணிதம் ஆயுளைக் கூட்டும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை, ஆனால் குறைக்காது என்பதற்கு இன்று சில சாட்சிகள் கிடைக்கும்.

கொழும்பிலிருந்து எலியேசர் கேம்பிரிஜ் பல்கலைக்கழகத்தின் கிறைஸ்ற்ஸ் கல்லூரிக்குச் சென்றார். அங்கு அவருக்கு வழிகாட்டியாக அமைந்தவர் போல் டிராக். 1933இல் நோபல் பரிசு பெற்றவர், இருபதாம் நூற்றாண்டுப் பௌதிகத்தின் மிகப் பெரிய பெயர்களில் ஒருவர், மிகக் குறைவாகப் பேசுவதற்கும் பெயர் போனவர். அத்தகைய ஒருவரிடம் ஆராய்ச்சி மாணவராக இருப்பது எளிதாக இருந்திராது.

அது போர்க்காலம். எங்கள் ஊரின் வரலாறும் அதே ஆண்டுகளில் ஒரு திருப்பத்தைக் கண்டது. 1942 ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத் தளத்தையும் தாக்கின. அன்றைக்கே மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. எங்கள் அம்மம்மாமார் மூட்டை முடிச்சோடு நகரை விட்டு ஓடிய கதையைக் கேட்டுத்தானே வளர்ந்தோம். அந்தக் காலத்தில், கப்பற் பயணமே உயிராபத்தாக இருந்த நாட்களில், ஓர் இலங்கைத் தமிழ் இளைஞர் கேம்பிரிஜில் இருந்து அணுவுக்குள் இலத்திரன் எப்படி அசைகிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். 1943இல் அவருடைய கட்டுரை வெளியானது. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

அந்தக் கட்டுரை என்ன சொல்கிறது? கணித மேதை, உலகப் புகழ் என்று அடைமொழிகளை அடுக்கிவிட்டு இறங்குவது எங்களுக்கு உடன்பாடில்லை. அவர் செய்த வேலையைக் கொஞ்சமாவது விளங்கிக்கொள்வதே ஒரு கணிதவியலாளருக்குச் செய்யும் மரியாதை. உயர்தரத்தில் கணிதத்தைத் தொடாதவர்களும் பயப்பட வேண்டாம். உட்துறைமுகத்தில் படகு போவதைப் பார்த்த எவருக்கும் இது விளங்கும்.

படகு போகும்போது பின்னால் அலை விரிகிறது. அந்த அலைக்கு வேண்டிய சக்தி படகிலிருந்துதான் போகிறது. ஆகவே அலை எழுப்பும் படகு அந்த அலையினாலேயே தடைப்படுகிறது. மின்னேற்றம் உள்ள துணிக்கையும் ஏறத்தாழ இப்படித்தான். ஒரு வேறுபாடு, அது சீரான வேகத்தில் நேராகப் போகும்போது அலை எழுப்பாது. ஆர்முடுகும்போது, அதாவது வேகமோ திசையோ மாறும்போது, அலையை வெளிவிடும். வானொலியும் கைத்தொலைபேசியும் வேலை செய்வது அந்த அலையால்தான்.

இப்போது ஐதரசன் அணுவை நினையுங்கள். நடுவில் புரோத்தன், அதைச் சுற்றி ஓர் இலத்திரன். சுற்றுவது என்றால் திசை மாறிக்கொண்டே இருப்பது. திசை மாறினால் அலை போகும், அலை போனால் சக்தி போகும், சக்தி போனால் இலத்திரன் உள்நோக்கிச் சுருண்டு விழ வேண்டும். பழைய பௌதிகத்தின்படி கணக்கிட்டால், ஒரு செக்கனைப் பத்தாயிரம் கோடியாகப் பிரித்து அதில் ஒன்றிரண்டு பங்குக்குள் அணு அழிந்துபோகும். அப்படியானால் நாமும் இல்லை, இந்த மண்டபமும் இல்லை. இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் 1913இல் நீல்ஸ் போர் புதிய விதிகளைச் சொன்னார். அதிலிருந்து குவாண்டம் பொறியியல் வளர்ந்தது.

குவாண்டம் பொறியியலை வளர்த்தவர்களில் ஒருவரான டிராக், 1938இல் திரும்பவும் பழைய கேள்விக்கு வந்தார். ஒரு புள்ளி போன்ற இலத்திரன், தான் எழுப்பும் அலையால் தானே எவ்வாறு தடைப்படும் என்பதற்கு ஒரு சமன்பாடு எழுதினார். பாடசாலையில் நாம் படித்த நியூற்றனின் சமன்பாட்டில் ஆர்முடுகல் வரை வரும். டிராக்கின் சமன்பாட்டில் ஆர்முடுகல் மாறும் வீதமும் வருகிறது. பார்வைக்குச் சிறிய சேர்க்கை. ஆனால் அதனால் என்ன ஆகும் என்பது தீர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

எலியேசர் தீர்த்துப் பார்த்தார். மிக எளிய நிலைமையை எடுத்தார். சுற்றுவதை விட்டுவிட்டு, இலத்திரன் நேர்கோட்டில் புரோத்தனை நோக்கிப் போகட்டும் என்று வைத்தார். புரோத்தன் அதை இழுக்கிறது. இழுக்கப்படும் பொருள் போய் மோத வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் டிராக்கின் சமன்பாடு வேறு விதமாகச் சொல்கிறது என்று எலியேசர் நிறுவினார். அந்தச் சமன்பாட்டின்படி இலத்திரன் புரோத்தனை ஒருபோதும் சென்றடையாது. வழியில் வேகம் குறைந்து, நின்று, திரும்பி, எதிர்த்திசையில் மேலும் மேலும் கூடும் ஆர்முடுகலுடன் ஓடிவிடும். கவரும் விசையின் கீழ் இப்படி ஒரு விடை வருவது விந்தை. இயற்கை அப்படி நடப்பதில்லை. ஆகவே சமன்பாட்டில் எங்கேயோ ஒரு குறை இருக்கிறது என்பதே அதன் பொருள்.

தங்கைமாரே, இதைக் கவனியுங்கள். இருபத்தைந்து வயது மாணவர் ஒருவர், நோபல் பரிசு பெற்ற தன் வழிகாட்டியின் சமன்பாட்டை எடுத்து, அதன் விடை ஏற்கத் தகாதது என்று காட்டுகிறார். அதைக் கேம்பிரிஜின் சஞ்சிகையே வெளியிடுகிறது. கணிதத்தில் பெரியவர், சிறியவர் இல்லை. படிமுறை சரியா என்பது மட்டுமே கேள்வி. குரலை உயர்த்தத் தேவையில்லாமல் ஒருவர் உண்மையை நிலைநாட்டக்கூடிய இடம் அது. வீட்டிலும் வேலைத்தலத்திலும் "நீ பேசாதே" என்று சொல்லிப் பழக்கப்பட்ட எங்கள் பெண் பிள்ளைகளுக்கு இப்படியொரு இடம் இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

குறையைக் காட்டியதோடு அவர் நின்றுவிடவில்லை. 1948இல் வேறொரு வடிவத்தை முன்வைத்தார். அதில் ஆர்முடுகல் மாறும் வீதத்துக்குப் பதிலாக, வெளியிலிருந்து தாக்கும் விசை மாறும் வீதம் வந்தது. இலத்திரன் தறிகெட்டு ஓடும் பிரச்சினை நீங்கியது. 1991இல் ஃபோர்ட், ஓகொனல் என்ற இருவர் வேறு வழியாக அதே வகைச் சமன்பாட்டை வந்தடைந்தார்கள். மிகச் செறிவான லேசர் ஒளியில் இலத்திரன் எப்படி நடந்துகொள்ளும் என்று ஆராய்வோர் இன்று அதை எலியேசர்-ஃபோர்ட்-ஓகொனல் சமன்பாடு என்று அழைக்கிறார்கள். லேசர் என்ற சொல்லே பிறக்காத காலத்தில் எழுதப்பட்ட கணக்கு அரை நூற்றாண்டுக்குப் பின் தேவைப்பட்டிருக்கிறது. "இதைப் படித்து என்ன பிரயோசனம்?" என்று கேட்கும் பெற்றோருக்கு இதைச் சொல்லலாம்.

1949இல் அவர் கொழும்பில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியரானார். அப்போது அவருக்கு முப்பத்தொரு வயதுதான். 1952இல் பல்கலைக்கழகம் பேராதனைக்கு நகர்ந்தபோதும் விஞ்ஞான பீடம் கொழும்பிலேயே இருந்தது. சுதந்திரம் பெற்ற நாட்டின் முதற் பத்தாண்டுகளில் பட்டம் பெற்ற கணித ஆசிரியர்களில் பலர் அவருடைய மாணவர்கள். அவர்கள் நாடெங்கும் பாடசாலைகளுக்குப் போனார்கள். நமக்குத் தூய கணிதமும் பிரயோக கணிதமும் படிப்பித்தவர்களின் ஆசிரியர் யார், அவர்களுடைய ஆசிரியர் யார் என்று பின்னோக்கிப் போனால், ஏதோ ஒரு படியில் அவர் பெயர் வரக்கூடும்.

1959இல் அவர் நாட்டை விட்டுச் சென்றார். 1956இலும் 1958இலும் இந்நாட்டில் நடந்தவற்றை இந்தச் சபைக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அங்கிருந்தபோது, 1963இல், காவிக் கணிதம் பற்றிய அவருடைய ஆங்கிலப் பாடநூல் வெளிவந்தது. 1968இல் மெல்பேர்ணில் புதிதாகத் தொடங்கப்பட்டிருந்த லா ட்ரோப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். கொழும்பு, கோலாலம்பூர், மெல்பேர்ண் ஆகிய மூன்று இடங்களிலும் வளரும் நிலையில் இருந்த நிறுவனங்களையே அவர் கட்டியெழுப்ப வேண்டியிருந்தது.

பேராசிரியர்கள் நிருவாகத்துக்குப் போனால் ஆராய்ச்சி நின்றுவிடும் என்பார்கள். அவருக்கு நிற்கவில்லை. 1976இல் கிரே என்பவருடன் சேர்ந்து எழுதிய ஒரு சிறு கட்டுரை இன்றும் எடுத்தாளப்படுகிறது. அதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் உயர்தர மாணவிகளுக்கு அது மிக அருகில் இருக்கிறது.

எளிமை இசை இயக்கம் படிக்கும்போது, ஒரு வட்டத்தில் சீராகச் சுற்றும் புள்ளியிலிருந்து விட்டத்துக்குச் செங்குத்து இறக்கினால், அந்தச் செங்குத்தின் அடி முன்னும் பின்னும் ஆடும் என்று படிப்பிப்பார்கள். ஆடும் இயக்கம், சுற்றும் இயக்கத்தின் நிழல். இது ஊஞ்சலின் கயிற்று நீளம் மாறாதபோது. ஆடிக்கொண்டிருக்கையிலேயே கயிற்றின் நீளத்தை ஒருவர் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தால்? சக்தி மாறாமல் இருக்காது. ஆனாலும் மாறாமல் இருக்கும் ஒரு கணியம் உண்டு என்று எர்மகோவ் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டார், லூயிஸ் என்பவர் 1960களில் மீளக் கண்டார். அந்தக் கணியம் பார்வைக்குச் சிக்கலானது. அதற்கு என்ன பொருள்? எலியேசரும் கிரேயும் அந்தப் பழைய வட்டத்துக்கே திரும்பினார்கள். ஆடும் புள்ளியை, ஒரு தளத்தில் அசையும் வேறொரு புள்ளியின் நிழலாகப் பார்த்தார்கள். அப்படிப் பார்த்தால் அந்தச் சிக்கலான கணியம், தளத்தில் அசையும் புள்ளியின் கோண உந்தத்திலிருந்து வருகிறது. அது மாறாமல் இருப்பதில் வியப்பில்லை. பாடசாலையில் படித்த ஒரு படத்தை, அறுபதை நெருங்கும் வயதில், ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தியிருக்கிறார். அதன் பின்னரும், 1980களின் தொடக்கத்தில், பிரின்ஸ் என்பவருடன் சேர்ந்து கோள்களின் இயக்கத்திலுள்ள சமச்சீர்கள் பற்றி எழுதினார்.

அவர் ஓய்வு பெற்ற ஆண்டு 1983.

அந்த ஆண்டைக் கேட்டதும் இந்தச் சபையில் பேச்சு அடங்குகிறது. அந்த ஆடி மாதத்துக்குப் பின் அவுஸ்திரேலியாவுக்கு வந்து சேர்ந்த எம்மவர்களுக்கு வீடு, வேலை, வீசா, பிள்ளைகளுக்குப் பாடசாலை எல்லாம் தேவைப்பட்டன. தோட்டமும் புத்தகமுமாக இருந்திருக்க வேண்டிய முதுமையை எலியேசர் அதற்குக் கொடுத்தார். விக்டோரியாவில் தமிழ்ச் சங்கத்தையும், பின்னர் அவுஸ்திரேலிய, நியூசிலாந்துச் சங்கங்களின் கூட்டமைப்பையும் முன்னின்று நடத்தினார். அவுஸ்திரேலிய அரசு ஏ.எம். என்ற தேசிய விருதை அவருக்கு வழங்கியது. அவருடைய அரசியல் நிலைப்பாடுகள் பற்றி நம்மிடையே வேறுபட்ட கருத்துகள் இருக்கும். இது அதற்கான மேடை அல்ல. ஓய்வுக்குப் பின் பதினெட்டு ஆண்டுகள் அவர் உழைத்தார் என்பதை மறுக்க எவராலும் முடியாது. 2001இல், எண்பதைக் கடந்த வயதில், மெல்பேர்ணில் காலமானார்.

இதுவரை ஓர் ஆணின் கதையைச் சொன்னோம். பெண்கள் கல்லூரியின் நூற்றாண்டில் அதோடு நிறுத்தினால் அக்காமார் எங்களை மன்னிக்கமாட்டார்கள்.

எலியேசர் கேம்பிரிஜில் இருந்த ஆண்டுகளில், அதே பல்கலைக்கழகத்தில் பெண்களும் கணிதம் படித்தார்கள், அதே சோதனையை எழுதினார்கள், சித்தியும் எய்தினார்கள். ஆனால் பல்கலைக்கழகத்தின் முழுமையான பட்டம் அவர்களுக்கு வழங்கப்படவில்லை. 1890இலேயே பிலிப்பா ஃபோசெற் என்ற பெண், கணிதச் சோதனையில் முதலிடம் பெற்ற ஆணை விடக் கூடிய புள்ளி பெற்றிருந்தார். அப்படியிருந்தும் பட்டத்துக்கு 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் போன, ஆட்சிக்குட்பட்ட நாட்டு இளைஞருக்குக் கிடைத்தது, இங்கிலாந்திலேயே பிறந்த பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. கணிதம் யாருக்கு உரியது என்ற கேள்வியை நாங்கள் எழுப்புவது இதனால்தான்.

அந்த ஆண்டுகளில் கேம்பிரிஜில் இருந்த பெண் கணிதவியலாளர்களில் ஒருவர் மேரி கார்ட்ரைற். 1900இல் பிறந்து 1998இல் மறைந்தவர். போருக்குச் சற்று முன் வானொலிப் பொறியியலாளர்களுக்கு ஒரு தலைவலி இருந்தது. கருவிகளுக்கு வலுவைக் கூட்டினால் அலைவு ஒழுங்கில்லாமல் போனது. கருவியில் பிழை என்று நினைத்தார்கள். கார்ட்ரைற் லிற்றில்வுட் என்ற கணிதவியலாளருடன் சேர்ந்து, அந்த ஒழுங்கின்மை சமன்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது என்று காட்டினார். பின்னாளில் 'கேயாஸ்' என்று பெயர் பெற்ற துறைக்கு அது ஒரு தொடக்கம். கப்பல்களிலும் துறைமுகங்களிலும் ரேடார் சுற்றத் தொடங்கிய காலத்தில், அதன் பின்னால் இருந்த கணிதத்தில் ஒரு பெண்ணின் கையும் இருந்தது. 1947இல் அவர் றோயல் சொசைற்றியின் அங்கத்தவரானார். அந்த மதிப்பைப் பெற்ற முதற் பெண் கணிதவியலாளர் அவரே.

தமிழ்ப் பெண்கள் இல்லையா? இருக்கிறார்கள். 1935இல் சென்னையில் பிறந்த பாமா சீனிவாசன் அமெரிக்காவில் பேராசிரியராக இருந்து, 1980களின் தொடக்கத்தில் கணிதத்தில் பெண்களுக்கான சங்கத்தின் தலைவராகப் பணியாற்றினார். ராமன் பரிமளா சென்னையில் சாரதா வித்தியாலயம் என்ற பெண்கள் பாடசாலையிலும் ஸ்டெல்லா மாரிஸ் என்ற பெண்கள் கல்லூரியிலும் படித்தவர். 2010இல் ஐதராபாத்தில் கூடிய சர்வதேசக் கணித மாநாட்டில் முழு அவைக்கும் உரையாற்ற அழைக்கப்பட்டார். நம்முடையதைப் போன்ற வெள்ளைச் சீருடைப் பாடசாலைகளிலிருந்து அந்த மேடைக்குப் போகும் வழி இருக்கிறது.

இனி எங்கள் வீட்டுக்குள் வருவோம்.

ஓ.எல். பெறுபேறு வந்ததும் நம் வீடுகளில் நடப்பதை எல்லோரும் அறிவோம். கணிதத்தில் 'ஏ' எடுத்த பெண் பிள்ளையிடம் "பயோ எடு, டொக்டர் ஆகலாம், இல்லாவிட்டால் ரீச்சராகலாம்" என்பார்கள். "மற்ஸ் படித்து எங்கே போய் வேலை செய்யப் போகிறாய், சைற்றிலேயா?" என்பார்கள். அதையும் மீறி இணைந்த கணிதம் எடுக்கும் பிள்ளைக்கு அடுத்த தடை ஆசிரியர். எங்கள் மாவட்டத்தில் இணைந்த கணிதம் படிப்பிக்க ஆளில்லாத பாடசாலைகள் உண்டு. ரியூசனுக்காக வசதியுள்ளவர்கள் பிள்ளையைக் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அனுப்புகிறார்கள். வசதியில்லாதவர்கள், அதிலும் பெண் பிள்ளையைப் பெற்றவர்கள், பாடத்தை மாற்றச் சொல்கிறார்கள். திறமை இல்லாமல் அந்தப் பிள்ளை நின்றுவிடவில்லை. பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு வீடு திரும்ப பஸ் இல்லாததால் நின்றுவிடுகிறாள்.

நாங்கள் படித்த காலமும் இலகுவாக இருக்கவில்லை. கிண்ணியாவில் பாலம் வருவதற்கு முன் பாதையில் ஏறி வந்து படித்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். மூதூரிலிருந்து லோஞ்சில் வந்தவர்கள் இருக்கிறார்கள். 1990இல் புத்தகப் பையோடு இடம்பெயர்ந்து, அகதி முகாமில் குப்பி விளக்கில் வகையீடும் தொகையீடும் செய்து, பிறகு எங்கோ ஒரு மண்டபத்தில் சோதனை எழுதியவர்கள் இருக்கிறார்கள். சிலர் இன்று லண்டனில், ரொறன்ரோவில், சிட்னியில் இருந்து இந்த மலரை வாசிப்பீர்கள். உங்களைக் கரையேற்றியது யாரோ ஓர் ஆசிரியை சம்பளம் பார்க்காமல் தந்த மேலதிக மணித்தியாலம். அது உங்களுக்குத் தெரியும்.

ஆகவே வெளிப்படையாக ஒன்று கேட்கிறோம். நூற்றாண்டு நிதியில் சேர்ந்திருக்கும் பணத்தில் முன்வாயிலில் அலங்கார வளைவு ஒன்று கட்டலாம் என்று ஒரு முன்மொழிவு இருக்கிறது. அன்போடு சொல்லப்பட்ட யோசனை அது, அதைச் சொன்னவர்கள் எங்கள் அக்காமார். வளைவு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அது அடுத்த வருடமும் கட்டப்படலாம். இந்த வருடம் பதினொன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை அடுத்த வருடம் காத்திருக்க மாட்டாள், பாடத்தைத் தெரிந்துவிட்டிருப்பாள்.

அடுத்த பொதுக்கூட்டத்துக்கு மூன்று தீர்மானங்களைக் கொண்டுவருகிறோம். முதலாவது, கிழமைக்கு மூன்று நாள் பாடசாலை விட்டதும் இணைந்த கணித வகுப்பு. அதற்கு உரிய சம்பளத்துடன் ஓர் ஆசிரியர், பிள்ளைகளை வீடு சேர்க்க ஒரு வான். எங்கள் கல்லூரிப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று இதை மூடிவைக்கக் கூடாது. மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பெண் பிள்ளைகளுக்கும், எந்தச் சமயத்தவராயினும், அது திறந்திருக்க வேண்டும். இரண்டாவது, பொறியியற் பீடத்துக்கோ பௌதிக விஞ்ஞானத்துக்கோ தெரிவாகும் பிள்ளைக்கு முதல் வருட விடுதிச் செலவு. அந்த முதல் வருடத்தில்தான் பெற்றோர் தயங்குகிறார்கள். மூன்றாவது, வெளிநாட்டிலுள்ள பழைய மாணவிகளில் கணிதமோ பொறியியலோ படித்த ஒவ்வொருவரும் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் இணையவழியாக ஒரு பிள்ளையின் கணக்கைப் பார்த்துக்கொடுப்பது. பணம் தருவதை விட இது கடினம். ஆனால் பிள்ளைக்கு இதுதான் பெறுமதி. தன்னைப் போல ஒருத்தி இதைப் படித்து வாழ்கிறாள் என்று அவள் ஒவ்வொரு கிழமையும் காண்பாள்.

கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. அங்குள்ள விரிவுரையாளர்களிடமும் மாணவர்களிடமும் உதவி கேட்கலாம். எங்கள் பெற்றோர் காலத்தில் டொக்யாட் வேலை ஆண்களுக்குத்தான், பல்கலைக்கழகம் என்றால் கொழும்புதான். இப்போது நிலாவெளி வீதியில் பஸ் ஏறினால் வளாகத்தில் இறங்கலாம்.

ஊரை விட்டுப் போனவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. போனது தவறா என்று நாங்கள் யாரையும் கேட்கவில்லை. எலியேசர் போனார், திரும்பி வந்து வாழவில்லை. போன இடத்தில் உண்மையாகப் படிப்பித்தார், அந்நாட்டு மாணவர்களுக்குத் தன்னிடமிருந்ததைக் கொடுத்தார். தன்னவர்களுக்குத் தேவை வந்தபோது கதவைத் திறந்து வைத்தார். இருந்தவர்களும் போனவர்களும் ஒருவரையொருவர் குறை சொல்லி ஒரு தலைமுறையை வீணாக்கியிருக்கிறோம். இந்தப் பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கு வேண்டாம். இருப்பவர்கள் இடத்தையும் நேரத்தையும் கொடுக்கலாம், போனவர்கள் பணத்தையும் கிழமைக்கு ஒரு மணித்தியாலத்தையும் கொடுக்கலாம்.

முன் வரிசையில் இருக்கும் பதினொன்றாம் வகுப்புத் தங்கைமாருக்கு: பெறுபேறு வந்ததும் வீட்டில் யார் என்ன சொன்னாலும், முடிவெடுக்கும் முன் எங்களிடம் ஒருமுறை வாருங்கள். சங்கத்தின் அறை கிழமை நாட்களில் பின்னேரம் நான்கு மணி வரை திறந்திருக்கும். அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவர்களோடும் பேசுகிறோம்.

பொதுக்கூட்டத்தில் சந்திப்போம். வர முடியாதவர்கள் உங்கள் விருப்பத்தைச் செயலாளருக்கு எழுதி அனுப்புங்கள்.